வேலைக்குப் போவதா, அத்தையைப் பார்ப்பதா?

விழுப்புரம் மாவட்டத்தில் ஏரியை ஒட்டிய ஒரு காலனி. முதியோர் உதவித்தொகை வராதவர்களின் பட்டியல் எடுப்பதற்காகக் கல்லூரி மாணவர்கள் சிலரை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். தெருக்கோடியில் ஒரு தொகுப்பு வீடு. திண்ணைத் தூணில் பழைய நூல் புடவையின் ஒரு முனை கட்டியிருந்தது. மறுமுனை, எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் இடுப்பில். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். தட்டில் கொஞ்சம் பொரி. அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். இறந்துபோன தம்பி என்று என்னை நினைத்துக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டார்.

உடன் வந்த மாணவிக்குக் கோபம் வந்துவிட்டது. “மனுஷியை இப்படிக் கட்டிப் போடலாமா சார்? இது குற்றம் இல்லையா?” என்று கேட்டார். அதற்குள் செய்தி தெரிந்து மருமகள் ஓடி வந்துவிட்டார். ஏரி வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். கையில் மண்வெட்டி.

“கட்டக் கூடாதுதான் பாப்பா. நீ வந்து பக்கத்துல உக்காரு. நான் அவுத்து உட்டுட்டு வேலைக்குப் போறேன்” என்றார்.

அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பிறகு அவரே சொன்னார். “பூட்டிட்டுப் போனா கதவ இடிச்சி கையெல்லாம் ரத்தம் அண்ணே. உட்டுட்டுப் போனா ஏரிக்கிப் போயிடுது. ஆட்ட ஓட்டியாரணுமாம். ஆட்ட வித்து இருபது வருசம் ஆவுது.” கணவர் திருப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீட்டில் இருந்தால் அத்தையைப் பார்க்கலாம், கூலி போய்விடும். வேலைக்குப் போனால் கூலி கிடைக்கும், அத்தை எங்கே போவார் என்று தெரியாது.

முன்பெல்லாம் நூறு நாள் வேலையில் நடுவில் ஒரு நடை வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். பணித்தளப் பொறுப்பாளரும் நம் தெருப் பெண்தானே, கண்டும் காணாமல் விட்டுவிடுவார். 2023 ஜனவரி முதல் வருகைப்பதிவு முழுக்கச் செல்போன் செயலிக்கு மாறிவிட்டது. ஒரே நாளில் இரண்டு முறை போட்டோ எடுக்கிறார்கள். இரண்டாவது போட்டோவில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலிக்குச் சிக்கல். தமிழ்நாட்டில் 2025-26-ல் ஒரு நாள் கூலி ரூ.336 ஆக இருந்தது. அத்தை ஏரிப்பக்கம் போன அன்று அந்தப் பெண் இழந்தது அவ்வளவு. தாமதமாக வந்ததற்கு வாங்கிய பேச்சு தனி.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். நகரங்களில் நடைப்பயணம் நடக்கிறது, மருத்துவர்கள் பேட்டி தருகிறார்கள். ‘பராமரிப்பாளர்கள் தங்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும், யோகா செய்ய வேண்டும், உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்’ என்ற அறிவுரைகளையும் படிக்கிறோம். தவறான அறிவுரைகள் இல்லை. ஆனால் அந்த ‘உதவிக்கு ஆள்’ யார்? விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் வசதியான வீடுகளில் மறதி நோய் வந்த பெரியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவில் கண்விழித்துக் கிடக்கும் பெண்களில் பலர் நம் காலனிகளிலிருந்து பஸ் ஏறிப் போகிறவர்கள். ‘எந்த ஊர்’ என்று கேட்டு, அடுத்து ‘எந்தத் தெரு’ என்றும் கேட்டு வேலைக்குச் சேர்க்கும் வீடுகளை நான் அறிவேன். சமையலறைக்குள் போகக்கூடாது, பெரியவரின் மலத்தை அள்ளலாம். அவர்கள் அங்கே இருக்கும் பன்னிரண்டு மணி நேரமும் அவர்களுடைய சொந்தத் தாய் இங்கே யார் பொறுப்பில் இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘வயசாயிடுச்சி, புத்தி பெசகிடுச்சி’ என்று நாம் விட்டுவிடுவதில் பாதி நோய்தான். டிமென்ஷியா, தமிழில் மறதி நோய், மூளையின் செல்கள் படிப்படியாகச் சேதமாவதால் வருவது. அதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பதல்ல இது. சாவி எதற்கு என்பதே மறந்துபோவது. சாப்பிட்டது மறக்கும், சொந்த மகளின் முகம் மறக்கும். பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழுவார்கள். அதைப் பேய் என்று சொல்லிப் பூசாரியிடம் கூட்டிப்போய் வேப்பிலையால் அடித்த கதைகள் நம் பக்கம் ஏராளம்.

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருக்கும் என்று கணித்தது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவர்களைவிடப் பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அதிகம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், தடுக்கவோ குறைக்கவோ கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. சிறுவயதில் கல்வி கிடைக்காதது, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, தலைக்காயம், குடி, புகை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து பாருங்கள். இன்று 75 வயதாகும் அம்மா 1950 வாக்கில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டிய வயதில் அவர் யாருடைய மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்? படிக்காதவர் எல்லாருக்கும் இந்த நோய் வரும் என்பதில்லை. படித்தவர்களுக்கு வராது என்பதுமில்லை. ஆனால் எழுத்து மறுக்கப்பட்டதற்கு ஒரு தலைமுறை இப்படியும் விலை கொடுக்கிறது.

இதில் நம் தெருவுக்கு மட்டும் உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. மருத்துவர்கள் எழுதும் கையேடுகளில் அது இருக்காது.

மறதி நோயில் முதலில் போவது அண்மைக்கால நினைவு. பழையது கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும். என் அப்பா எண்பதுகளில் இரட்டைக் குவளைக்கு எதிராகக் கடைவாசலில் நின்றவர். ‘சாமி’ என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாக இருந்தவர். கடைசி இரண்டு ஆண்டுகளில் அவருக்கு இந்த நோய். பழைய பண்ணைக்காரரின் பேரன் பைக்கில் வந்தால் போதும், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார். “கும்புடுறேன் சாமி.” அந்தப் பையனுக்கே கூச்சமாகிவிடும், “வேணாம் தாத்தா” என்பான். எனக்கு உடம்பெல்லாம் எரியும். ஒருநாள், “யாருக்குப்பா கும்புடு போடற?” என்று கத்திவிட்டேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவி சொன்னார்: “அவர்கிட்ட ஏன் கத்துறீங்க? அவருக்கு இப்ப வயசு பத்து.”

பத்து வயதுப் பண்ணையாளாக அப்பா மீண்டும் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் போராடிப் பெற்ற நாற்பது ஆண்டுகளைத்தான் நோய் முதலில் கொண்டுபோனது. அவரைக் குளிப்பாட்டியது, இரவில் நான்கு முறை எழுந்து படுக்கையை மாற்றியது, அவர் கையால் அடியும் வாங்கியது என் மனைவி. நான் அந்த நாள்களில் முதியோர் உரிமை பற்றி ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் மேலே போனால் நேர்மையாக இருக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஏரிக்கரைத் தெரு அம்மாவுக்கு எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தத் திண்ணையில் உட்காரக் கூடாது என்ற கணக்கெல்லாம் அழிந்துவிட்டது. ஊர்த் தெருவுக்குள் போய் யார் வீட்டுத் திண்ணையிலாவது உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். ஒரு வீட்டில் கொடுத்து, கைபிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில், “குடிச்சிட்டு வந்து நிக்கிறா” என்று விரட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மருமகள் போய் நின்று, “தெரியாம வந்துடுச்சி, மன்னிச்சிக்கோங்க” என்று சொல்ல வேண்டும். பராமரிப்பவரின் சுமையை அளப்பதற்கு உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஸாரிட் கேள்விப் பட்டியலில் 22 கேள்விகள் உள்ளன. வெட்கப்படுகிறீர்களா, கோபம் வருகிறதா, பணம் போதவில்லையா, உங்கள் உடல்நலம் கெடுகிறதா என்றெல்லாம் கேட்கும். ஊர்த் தெருவில் போய் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கேட்காது. அந்தப் பெண் புடவையால் கட்டுவதற்கு ஏரி பாதிக் காரணம். ஊர்த் தெரு மீதிக் காரணம்.

தமிழ் படித்தவன் என்பதால் ஒரு சிறு விலகல். புறநானூற்றில் 243-ஆம் பாட்டு, தொடித்தலை விழுத்தண்டினார் பாடியது. கோல் ஊன்றி நடுங்கும் கிழவர் ஒருவர், சிறுவயதில் ஆழமான மடுவில் குதித்து விளையாடியதை நினைத்து ஏங்குவார். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் முதுமையைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் கிழவருக்குச் சோறு போட்டது யார் என்று நானும் கேட்கவில்லை, எனக்குப் பாடம் நடத்தியவரும் கேட்கவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது. வீட்டார் ஒருவர் சராசரியாக ஒரு நாளில் 5 மணி நேரம் இதற்குச் செலவிடுகிறார். மாதச் சம்பள வீட்டில் 5 மணி நேரம் என்றால் தூக்கமும் ஓய்வும் போகும். அன்றாடக் கூலி வீட்டில் 5 மணி நேரம் என்றால் அடுப்பே போகும். ‘பாசம்’, ‘கடமை’, ‘மருமகளின் தர்மம்’ என்று என்ன பெயர் வைத்தாலும் இது உழைப்பு. கூலியில்லாத உழைப்பைப் பற்றி நமக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1928-ல் பம்பாய் சட்டசபையில், ஆலைப் பெண் தொழிலாளர்களுக்குப் பேறுகால உதவி தரும் மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பிள்ளை பெறுவது அவரவர் வீட்டு விவகாரம், முதலாளி ஏன் சுமக்க வேண்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்ற பொருளில் அவர் வாதாடினார். மறு ஆண்டு அது சட்டமானது. பிள்ளையைப் பெறுவதற்கு அன்று பொருந்திய நியாயம், பெற்றவளைப் பார்ப்பதற்கு இன்று பொருந்தாதா?

இப்போது என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதியோர் உதவித்தொகை மாதம் ரூ.1,200. ஆனால் விரல் ரேகை வைக்க வேண்டும். கையை நீட்டச் சொன்னால் வளையலைப் பிடுங்க வருகிறார்கள் என்று கூச்சலிடும் அம்மாவிடம் எப்படி ரேகை வாங்குவது? 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. நல்ல வேலை, மனதாரப் பாராட்டலாம். பணமும் அதேபோல் வர வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் ரூ.2,000. ஆனால் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன் பெயர் இருக்கிறது, டிமென்ஷியா பெயர் இல்லை. மனநோய் என்ற தலைப்பின்கீழ் சான்றிதழுக்கு முயலலாம். அதற்காக அந்த அம்மாவை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிப்போக வேண்டும், அன்றைக்கும் கூலி போகும். அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோரின் பராமரிப்பாளருக்கான படியைப் பற்றிப் பேசுகிறது. சட்டத்தில் இருக்கிறது என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. 2025-26 மாநில பட்ஜெட்டில் முதியோருக்காக 25 ‘அன்புச்சோலை’ மையங்கள் அறிவிக்கப்பட்டன. அவை பெரும்பாலும் மாநகராட்சிகளுக்கு. ஏரிக்கரைக் காலனிக்கு அந்தச் சோலை வெகுதூரம்.

கோவாவில் ஒரு முயற்சி நடந்தது. அதன் முடிவுகள் 2008-ல் வெளியாயின. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி கொடுத்து, மறதி நோயாளி இருக்கும் வீடுகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அனுப்பினார்கள். அவர்கள் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. நோயை விளக்குவது, பராமரிப்பவர் சொல்வதைக் கேட்பது, உறவினர்களை உட்கார வைத்துப் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது, அரசு உதவிக்கு வழிகாட்டுவது, இவ்வளவுதான் வேலை. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் வருவார். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனத்துயரம் கண்கூடாகக் குறைந்தது. கேரளத்தில் 2008 முதல் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் வீடு தேடிப் போகும் ஆதரவு சிகிச்சை நடக்கிறது. படுத்த படுக்கையானவர்களைப் பராமரிப்பவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற பெயரில் மாதம் ரூ.600 உண்டு. சிறிய தொகை, அதுவும் மாதக்கணக்கில் பாக்கி விழுகிறது என்ற புகார் அங்கே இருக்கிறது. ஆனாலும் அந்தப் பணம் நோயாளியின் பெயரில் வருவதில்லை, பார்த்துக்கொள்பவரின் பெயரில் வருகிறது. அந்த வேறுபாடு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நம்மிடமும் ஆள்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரையோடு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். கூடவே இரண்டு கேள்வி கேட்கச் சொல்லலாம்: பெரியவர் வழி தவறுகிறாரா? அவரைப் பார்த்துக்கொள்பவர் தூங்குகிறாரா? ஆனால் ஊக்கத்தொகைக்கு வேலை செய்யும் அந்தப் பெண்களின் தலையில் இதையும் சும்மா ஏற்றக் கூடாது. கொடுக்கிற வேலைக்கு ஊதியம் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. நூறு நாள் வேலைக்கான 2005-ம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலைக்கு வரும் பெண்களோடு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்களிலேயே ஒருவரை அமர்த்த வேண்டும், அவருக்கும் மற்றவர்களைப் போலவே கூலி தர வேண்டும் என்றது அது. பிள்ளையைப் பார்ப்பதும் மண் வெட்டுவதைப் போல ஒரு வேலை என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது. ஏன் பிள்ளைகளோடு நிறுத்த வேண்டும்? ஒரு காலனியில் இப்படி மூன்று நான்கு பெரியவர்கள் இருந்தால், சமுதாயக் கூடத்திலோ மரத்தடியிலோ உட்கார வைத்து ஒரு பெண் பார்த்துக்கொள்ளட்டும், அந்த வேலையும் மஸ்டர் ரோலில் ஏறட்டும். இதை ஓர் அதிகாரியிடம் சொன்னேன். “அனுமதிக்கப்பட்ட வேலைப் பட்டியலில் இது இல்லையே” என்றார். இல்லைதான். பட்டியல் வானத்திலிருந்து விழவில்லை.  அடுத்த கிராம சபையில் தீர்மானமாகப் போடச் சொல்லலாம். முதியோர் உதவித்தொகைக்கு விரல் ரேகை இல்லாமல் வீட்டிலேயே பட்டுவாடா செய்வது, பராமரிப்பவருக்குப் படி கொடுப்பது ஆகியவற்றையும் அதே தீர்மானத்தில் சேர்க்கலாம்.

தீர்மானம் நிறைவேறும்வரை வீட்டில் செய்ய வேண்டியவை சில. முதலில் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் ரத்தம் கட்டியிருப்பது போன்றவையும் இதே மாதிரி மறதியைக் கொடுக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பார்க்கலாம், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடமும் கேட்கலாம். ‘நான் யாரு சொல்லு பாக்கலாம்’ என்று பரீட்சை வைக்காதீர்கள். ஆடு எங்கே என்றால் ‘ஆடு வித்தாச்சி’ என்று நூறு முறை வாதாடுவதைவிட, ‘தம்பி ஓட்டினு வரான், நீ சாப்புடு’ என்பது இருவருக்கும் நிம்மதி. எதையும் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். அரிவாள், மண்ணெண்ணெய், பூச்சிமருந்து கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். கையில் ஒரு வளையமோ கழுத்தில் ஒரு கயிறோ போட்டு, அதில் ஊர்ப் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கட்டுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். பராமரிப்பவர் தன் அழுகையைச் சொல்வதற்கும் 14416-ஐக் கூப்பிடலாம்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பாட்டியை உங்கள் அம்மா பார்த்துக்கொள்கிறார் என்றால், வாரத்தில் மூன்று மணி நேரம் நீங்கள் உட்காருங்கள். ஆண்பிள்ளைகள் முக்கியமாக. நான் உட்காரவில்லை.

ஏரிக்கரைத் தெருவில் மகளிர் குழுப் பெண்கள் நால்வர் முறைவைத்து, வேலைக்குப் போகாத நாளில் அந்த அம்மாவோடு இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்கள். இரண்டு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம் நடவு வந்துவிட்டது, நால்வரும் நடவுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நடவில் கூலி கூடுதல். அந்த மூன்று நாளும் புடவை மீண்டும் தூணில். கோபப்பட்ட மாணவி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. அந்த நேரத்தில் மருமகள் என்ன செய்கிறார் என்று கேட்டேன். “தூங்குறாங்க சார்” என்றார்.